இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு விதிகளைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன. தேர்வு எழுதி வந்தவர்களுக்குப் படிக்கத் தெரியும் என்று நம்புகிறேன். அதனால் நான் ஒரே ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மொத்தமே மூன்று வரி. அதில் கடைசி வரி ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது. அந்த வரியை அவருக்குச் சொல்லிக்கொடுத்து எழுத வைத்தவள் நான். யாரோ செய்த தப்பைக் கதையாகச் சொல்கிறேன் என்று நினைத்துக் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

முப்பத்து நான்கு வருஷம் அரசு வேலை. கடைசிப் பன்னிரண்டு வருஷம் தென்னூரில் ஓர் அலுவலகத்தில் பணியாளர் பிரிவு. துறையின் பெயர் வேண்டாம். ஆற்றிலிருந்து தண்ணீர் எடுத்து ஊருக்கு அனுப்புகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு, சம்பள உயர்வு, தண்டனை, ஓய்வு எல்லாம் எங்கள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து கூட்டமான பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்து, பத்து மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் அன்றைய எரிச்சல் ஆரம்பமாகிவிடும். என் கோபத்தைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே யாராவது சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை.

செல்வராசு என்பவர் கொள்ளிடக் கரையில் ஒரு நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். லால்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். அப்போது நாற்பத்து நான்கு வயது. ஒரு நாள் காலையில் மோட்டாரை நிறுத்திவிட்டு அதன் இணைப்பைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிட்டார். வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும் மட்டும் மிஞ்சின. ஐந்து மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தார். பிறகு மருத்துவக் குழு கையைப் பார்த்து, ஊனம் இத்தனை சதவீதம் என்று சான்று கொடுத்தது. அதை வைத்து இழப்பீட்டுக்கு ஆணை வந்தது. தொகையும் போய்ச் சேர்ந்தது.

அன்றையிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அதான் வாங்கியாச்சே! பியூன் முதல் அதிகாரி வரை அந்தப் பதிலைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே சொல்லியிருக்கிறேன். ஏதோ கையை விற்றுக் காசு வாங்கிக்கொண்டு போன மாதிரி. போன விரலுக்குத்தான் இழப்பீடு. மிச்சமிருக்கிற கைக்கு வைத்தியம் பார்ப்பது வேறு, அந்தக் கைக்குத் தகுந்த வேலை கொடுப்பது வேறு, சம்பளம் குறையாமல் பார்ப்பது வேறு. ஒன்று கொடுத்ததால் மற்றது தீர்ந்துபோகாது. இதைப் புரிந்துகொள்ள சட்டம் படித்திருக்க வேண்டாம். கொஞ்சம் புத்தி இருந்தால் போதும். எனக்கு அன்றைக்கு அது இல்லை.

இருந்தது மாதக் கடைசிக் கூட்டம். எந்த எழுத்தரிடம் எத்தனை கோப்பு முடியாமல் கிடக்கிறது என்று அதிகாரி எல்லார் முன்னாலும் வாசிப்பார். என் பட்டியலில் செல்வராசுவின் கோப்பு ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எந்த விதியிலும் இல்லை. தொகை கொடுத்தவுடன் வாங்கியவரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்வோம். பெற்றுக்கொண்டேன், நன்றி, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை. இதைக் கோப்பில் சேர்த்துவிட்டால் முடித்துக் கட்டி ஆவண அறைக்கு அனுப்பிவிடலாம். நாளைக்கு யாரும் அதைக் கிளற மாட்டார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் வாங்கினார்கள், நானும் வாங்கினேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் அவரை வரச் சொன்னேன். கையைத் துண்டால் மூடிக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, எழுதுங்கள் என்றேன். இடது கையில் எழுதிப் பழகிக்கொண்டிருப்பதாகவும், நீங்களே எழுதிவிட்டால் கையெழுத்து மட்டும் போட்டுவிடுவதாகவும் சொன்னார். ஆகாது, தணிக்கையில் கேட்பார்கள், சொந்தக் கையில்தான் இருக்க வேண்டும் என்றேன். தணிக்கையில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்குக் கோப்பு கச்சிதமாக இருக்க வேண்டும். மூன்று வரிக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பள்ளிக்கூடம் சேர்ந்த பிள்ளை எழுதுவது போல ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி வரி வந்தபோது பேனாவை நிறுத்தினார்.

"இந்த வரி எதுக்குங்கம்மா?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதாங்க. எல்லாரும் எழுதிக் குடுக்கறதுதான்."

சரிங்கம்மா என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் கூட்டத்தில் என் பெயரை நல்லபடியாகச் சொன்னார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்த மாதிரி சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

இரண்டு வருஷம் போனது. நான் கண்காணிப்பாளர் ஆகிவிட்டேன். செல்வராசு அதே பம்ப் ஹவுஸில் அதே ஆபரேட்டராகவே இருந்தார். அவருக்கு வேறு வேலை கொடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் தங்களுக்குள் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். வால்வு திருப்புவது அவர்கள். இடது கையால் பதிவேடு எழுதுவதும், மோட்டார் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்வதும் இவர். தண்ணீர் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. காகிதத்தில் இல்லாத ஏற்பாடு நன்றாக நடக்கிற வரைக்கும்தான் நடக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் எவ்வளவு கூட்டம் கூடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் குழாயில் தண்ணீர் நின்றால் அதிகாரியின் தலை உருளும். வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த எங்கள் அதிகாரி ஒவ்வொரு நிலையமாகப் போய்ப் பார்த்தார். செல்வராசு இருந்த இடத்துக்குப் போன அன்று கூட இருக்க வேண்டியவர் விடுப்பு. வால்வைத் திறங்கள் என்றார் அதிகாரி. இவர் இடது கையால் பிடித்து, வலது முழங்கையை முட்டுக்கொடுத்து, தோளால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை. அதிகாரி அலுவலகத்துக்குத் திரும்பி வந்து மெமோ போடச் சொன்னார். ஆபரேட்டர் வேலையைச் செய்ய உடல் தகுதி இல்லாத உங்களை ஏன் மருத்துவ இயலாமையில் ஓய்வு கொடுத்து அனுப்பக் கூடாது, பதினைந்து நாளுக்குள் விளக்கம் தருக.

பன்னிரண்டு வருஷ சர்வீஸ் பாக்கி. பிளஸ் டூ படிக்கிற பெண். வேறு வேலை தேடலாம் என்றால் எந்தக் கையைக் காட்டித் தேடுவது?

மாற்று வேலை கேட்டு யாரோ எழுதிக் கொடுத்த மனுவைக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பிரிவு உதவியாளர் பழைய கோப்பைத் தோண்டி எடுத்து, அதன் மேல் குறிப்பு எழுதி என்னிடம் வைத்தார். இவர் ஏற்கெனவே இழப்பீடு பெற்றுவிட்டார். இனிக் கோரிக்கை இல்லையென்று சொந்தக் கையால் எழுதியும் கொடுத்துள்ளார். ஆகவே மாற்றுப் பணி என்ற பேச்சே எழவில்லை. ஆதாரமாக அந்தக் கடிதத்தில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. கோணல் மாணலாக மூன்று வரி. பக்கத்தில் 'என் முன்னிலையில் எழுதப்பட்டது' என்று என் கையெழுத்து.

எனக்கு வந்த கோபத்துக்கு உதவியாளரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். இதெல்லாம் ஓர் ஆதாரமா, சட்டம் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்றேன். அவர் நிதானமாக, நீங்கள் வாங்கி வைத்த கடிதம்தானே மேடம், நான் புதிதாக எதுவும் சேர்க்கவில்லையே என்றார்.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. வேலையில் இருக்கும்போது ஊனம் அடைந்த அரசு ஊழியரை அந்தக் காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பதவியைக் குறைக்கக் கூடாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். வேறு வேலை காலியாக இல்லையென்றால், கிடைக்கிற வரை தனியாக ஓர் இடம் உண்டாக்கி வைத்திருக்க வேண்டும். செல்வராசுவை வரச்சொல்லி இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். ஆனால் உங்களால் வால்வு வேலை முடியாது என்று நீங்கள் சொன்னால்தான் மாற்று வேலை வரும், புரிகிறதா என்றேன். சரிங்கம்மா என்றார். கை வலிக்கிறதா என்றேன். ராத்திரியில் இல்லாத விரலெல்லாம் எரிகிறது, வெளியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன் என்றார். இரண்டு வருஷமாக அதற்கு வைத்தியம் கேட்டு ஏன் ஒரு தாள் எழுதிக் கொடுக்கவில்லை என்று கத்தினேன்.

"எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேங்களேம்மா."

சொல்லிக் காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துக்கொண்டுதான் இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பதினைந்து நாளில் ஐந்து நாள் போயிருந்தது. மறுபடி மருத்துவக் குழுவுக்கு அனுப்பினோம். அங்கே போய் மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஆபரேட்டர் வேலை பார்க்க முடியுமா என்று கேட்டதற்கு, எல்லா வேலையும் பார்ப்பேங்க என்றிருக்கிறார். வலி உண்டா என்றதற்கு, அதெல்லாம் இல்லைங்க. கேட்காமலே ஒரு நாற்காலியை இடது கையால் தூக்கி வேறு காட்டியிருக்கிறார். சிரமத்துடன் தற்போதைய பணியைத் தொடரலாம் என்று அவர்கள் எழுதிவிட்டார்கள். தலையில் அடித்துக்கொண்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்கள். இங்கே வரம் கேட்கப் போனவரே வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்து நிற்கிறார்.

அதிகாரிக்கு வேலை சுலபமாகிவிட்டது. முடியும் என்று குழு சொல்கிறது, அவரும் சொல்கிறார், நல்லது, திங்கட்கிழமை என் முன்னால் வால்வைத் திறக்கட்டும், திறக்கவில்லையென்றால் பொய் சொன்னதற்கும் சேர்த்து நடவடிக்கை என்றார். பாருங்கள், எப்படிப்பட்ட முடிச்சு! முடியும் என்றால் மாற்று வேலை கிடையாது. முடியாது என்றால் வேலையே கிடையாதோ என்று பயம்.

வராந்தாவில் வைத்து அவரைத் திட்டினேன். அத்தனை தூரம் படித்துப் படித்துச் சொன்னேனே, ஒரு வார்த்தை 'முடியாது' என்று வாயில் வராதா என்றேன். மெமோவில் முடியாதவனை வீட்டுக்கு அனுப்புவோம் என்றுதானே போட்டிருக்கிறது, அப்புறம் எப்படி முடியாது என்று சொல்வது என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல், உங்கள் நல்லதுக்குத்தானே கத்துகிறேன் என்று இன்னும் கத்தினேன். சரிங்கம்மா என்றார். அந்தச் சரிங்கம்மாவைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வெள்ளிக்கிழமை. கோப்பு அன்றே அதிகாரிக்குப் போக வேண்டும். செல்வராசுவுக்கு எதிராக இரண்டு காகிதம்: கடிதம் ஒன்று, குழுவின் கருத்து ஒன்று. உதவியாளர் மெதுவாக ஒரு வழி சொன்னார். கடிதத்தைப் பற்றி வாயே திறக்க வேண்டாம், மனுவை விதிப்படி பரிசீலிக்கலாம் என்று மொட்டையாக எழுதி அனுப்பிவிடுவோம், மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இந்த மாதிரி வழியை உங்களுக்கும் சொல்வார்கள். நயமாக இருக்கும். மேலே இருப்பவர் கோப்பைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது சிவப்புச் சீட்டு. அதைத் தாண்டி அவர் ஏன் போகப் போகிறார்? ஏகாதசி வேலை கழுத்தை நெரிக்கிறது. நான் ஓய்வு பெற எட்டு மாதம். தப்பை எழுத்தில் ஒத்துக்கொண்டால் என்ன வரும் என்பது மற்றவர்களுக்குக் குறிப்பாணை எழுதியே வயசான எனக்குத் தெரியாதா?

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. நாலு மணி வரைக்கும் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன். இக்கடிதத்தின் வாசகம் என்னுடையது. நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அதற்கு விதி எதுவும் இல்லை. கோப்பை முடிப்பதற்காக வாங்கினேன். சட்டம் கொடுத்த உரிமையை இப்படி எழுதி வாங்கிவிட முடியாது. மருத்துவக் குழுவிடம் அவர் சொன்னது நம் மெமோவைப் பார்த்த பயத்தில் சொன்னது. மெமோவைத் திரும்பப் பெற்று, மறுபடி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அரை மணி நேரத்தில் அதிகாரி கூப்பிட்டார். முதல் பத்தியை எடுத்துவிட்டு மறுபடி எழுதிக் கொண்டுவாருங்கள், உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன், ஓய்வு பெறுகிற நேரத்தில் ஏன் வம்பு என்றார். கெட்ட மனிதர் இல்லை. லட்சம் பேருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டிய கவலையில் இருந்தார்.

"எடுக்க முடியாது சார். அந்த லெட்டர்ல கை அவரோடது, வார்த்தை என்னோடது. அந்தப் பத்தி இல்லைன்னா அவர் பொய்யராயிடுவாரு."

"அப்ப நாம மெரட்டினதாலதான் அவர் முடியும்னு சொன்னார்ங்கறீங்க?"

"ஆமா சார்."

என்னை முறைத்துப் பார்த்தார். ஏகாதசி முடிகிற வரைக்கும் நிம்மதியாக இருக்க விட மாட்டீர்களா என்று முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இந்தத் தடவை மருத்துவக் குழுவுக்கு நானே அரை நாள் விடுப்புப் போட்டுக் கூடப் போனேன். மெமோ ரத்தான ஆணையைச் செல்வராசுவின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, உங்களை யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று மூன்று முறை சொன்னேன். இந்த முறை மருத்துவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மூடி இறுக்கிய ஒரு பாட்டிலைக் கொடுத்துத் திறக்கச் சொன்னார். செல்வராசு வலது கையில் மிஞ்சிய இரண்டு விரலுக்கிடையில் அதைப் பிடித்துக்கொண்டு இடது கையால் திருகினார். பாட்டில் சுழன்றது, மூடி சுழலவில்லை. நெஞ்சில் அணைத்துக்கொண்டு திருகினார். முகம் வேர்த்துவிட்டது. பாட்டிலை மேஜை மேல் வைத்தார்.

"முடியலைங்க. வலிக்குது."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். காதில் விழுந்தபோது சந்தோஷமாக இல்லை.

அதன் பிறகு எல்லாம் நடந்தது. அதே சம்பளத்தில் ஸ்ரீரங்கம் பகுதி அலுவலகத்தில் குடிநீர்ப் புகார் எடுக்கிற வேலை. நரம்பு எரிச்சலுக்கு இன்னோர் அறுவை சிகிச்சை, துறைச் செலவில். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை, அதன் பின்னால் ஒரு கண்டனம். முப்பத்து மூன்று வருஷம் வெள்ளையாக இருந்த பணிப்பதிவேட்டில் கடைசிப் பக்கத்தில் அது ஏறியது. நான் வீராங்கனை மாதிரி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தக் கடிதத்தை வாங்கியவள் நான் மட்டுமில்லையே, பிரிவு முழுக்க வாங்கினார்களே என்று பொருமினேன். இன்றைக்கும் நினைத்தால் ஆறவில்லை.

ஓய்வு பெற்று நாலைந்து மாதம் இருக்கும். எங்கள் தெருவில் மூன்று நாளாகத் தண்ணீர் கலங்கலாக வந்தது. போனில் சொன்னால் வேலைக்காகாது என்று நேரே பகுதி அலுவலகத்துக்குப் போய்விட்டேன். செல்வராசு எழுந்து நின்றார். உட்காருங்கள், நான் இப்போது வெறும் ஸ்ரீரங்கவாசி, என் தெருவுக்கு வழி சொல்லுங்கள் என்றேன். இடது கையால் விறுவிறுவென்று புகாரை எழுதிக்கொண்டார். வேறு யாரும் அறையில் இல்லை. அவ்வளவு அமளிக்கு நடுவில் அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. கோப்பில் எழுதினேன், அதிகாரியிடம் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை. அன்று சொன்னேன். அந்த வரி எதற்கு என்று நீங்கள் கேட்டபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, விஷயம் தெரியாத உங்களை ஏமாற்றின மாதிரி ஆகிவிட்டது என்றேன்.

"தெரியுங்கம்மா," என்றார். "அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் எழுதுனேன்."

தெரிந்துமா எழுதினீர்கள், ஏன் என்றேன். எனக்கு மறுபடி கோபம் வரத் தொடங்கிவிட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"லீவு, சம்பளம், ஆஸ்பத்திரி பில்லு, எல்லாம் உங்க மேஜையிலதானங்கம்மா இருந்துச்சு. உங்ககிட்ட மாட்டேன்னு சொல்றதுக்கு பயம்."

நான் எல்லாரையும் உட்காரச் சொல்கிறவள். டீ வாங்கிக் கொடுக்கிறவள். கத்தினாலும் அவர்கள் நல்லதுக்குத்தான் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அத்தனை வருஷத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.